லாரிச் சத்தமும் ரத்த அழுத்தமும்

"அதெல்லாம் பழகிப்போச்சு." வண்டிச் சத்தத்தைப் பற்றிச் சாலையோரத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டால் வருகிற பதில் இதுதான். பொய் சொல்லவில்லை, காது பழகிவிடும். இதயமும் ரத்தக்குழாயும் அவ்வளவு சுலபத்தில் பழகுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் காட்டும் செய்தி.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்குச் சத்தம் பல பக்கமிருந்து வருகிறது. களியக்காவிளைக்குப் போகும் பழைய நெடுஞ்சாலை, 1979-இல் வந்த ரயில் பாதை, இப்போது திருப்புறம் பக்கமாகச் செல்லும் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை. இதில் முக்கோலையிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட். மழைக்குத் தாங்கும், குழி விழாது. ஆனால் தார்ச்சாலையைவிட கான்கிரீட்டில் டயர் எழுப்பும் ஓசை பொதுவாகக் கூடுதல். குமரி மாவட்டத்திலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றி வரும் டாரஸ் லாரிகளைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டெசிபல் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. வண்டிகளின் எண்ணிக்கை இரட்டித்தாலோ கூடுவது 3 டெசிபல்தான். அதனால் போக்குவரத்தைப் பாதியாக்கினாலும் பெரிய நிம்மதி கிடைக்காது. நள்ளிரவில் ஒரே ஒரு ஏர் ஹாரன் போதும், தெருவையே உலுக்கிவிடும்.

நாம் தூங்கினாலும் காது விழித்தே இருக்கிறது. சத்தம் மூளைக்குப் போனதும், ஆபத்து என்று எடுத்துக்கொண்டு உடல் அட்ரினலினையும் கார்டிசோலையும் சுரக்கிறது. நாடி வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது. ஐரோப்பாவில் நான்கு விமான நிலையங்களின் அருகே வசிக்கும் 140 பேருக்கு இரவு முழுவதும் ரத்த அழுத்தம் அளந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. விமானம் கடந்தபோது, விழிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் அழுத்தம் ஏறியது. சாலைச் சத்தத்துக்கும் அதே கதைதான். (பக்கத்தில் படுப்பவரின் குறட்டையையும் விட்டுவைக்கவில்லை!) ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 75 ஆரோக்கியமானவர்களுக்கு இரவில் விமானச் சத்தப் பதிவைப் போட்டுக் கேட்க வைத்தார்கள். காலையில் பார்த்தால், ரத்தக்குழாயின் உட்சுவர் தேவைக்கேற்ப விரியும் திறன் குறைந்திருந்தது. ஓரிரவு என்றால் உடல் சரிசெய்துகொள்ளும். பத்து, இருபது வருடம் இது தொடரும்போதுதான் உயர் ரத்த அழுத்தமும் மாரடைப்பும் பக்கவாதமும் நெருங்குகின்றன.

சாலையோரம் என்றால் புகையும் உண்டே, பழியைச் சத்தத்தின் மேல் மட்டும் போடலாமா? நியாயமான கேள்வி. புகையின் பங்கைக் கணக்கில் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் சத்தத்தின் பங்கு மிஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் வகுத்த வழிகாட்டுதல், சாலைச் சத்தம் 53 டெசிபலைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்கிறது. புகைப்பழக்கத்தோடு ஒப்பிட்டால் சிறிய எண். ஆனால் பீடியை வேண்டாமென்று ஒதுக்கலாம், வீட்டு வாசலில் போகும் சாலையை ஒதுக்க முடியாது.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிகளில் அவசியமின்றி ஹாரன் அடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் உத்தரவிட்டது. ஒலித்தடுப்புச் சுவருக்குக் காசு வேண்டும். ஹாரனைக் கட்டுப்படுத்த அது வேண்டாம். ஆகவே முதலில் கைவைக்க வேண்டிய இடம் ஹாரன் என்பேன்.

சாலையோரம் வீடு உள்ளவர்கள், குறிப்பாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் இரவுச் சத்தத்தை அளக்கச் சொல்லி மனு கொடுங்கள்.