ஐந்து பாட்டும் ஒரு தாலாட்டும்



"சார், உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நான் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், வகுப்பில் வழக்கு எழுந்துவிட்டது. "அது கோயில் பாட்டு சார், பாட்டில் சேராது" என்றான் ஒருவன். "எங்கள் தாத்தாவுக்குப் பழைய படப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பாட்டே இல்லை" என்றாள் இன்னொருத்தி. நம் வீடுகளிலும் இதே வழக்கு நடப்பதை நீங்கள் அறிவீர்கள்.

எந்தப் பாட்டு உயர்ந்தது என்ற கேள்வியை இன்று ஒதுக்கி வைப்போம். ஒவ்வொரு வகைப் பாட்டும் ஒரு தேவைக்காகப் பிறந்தது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு கேட்டால் எல்லா வகையும் இனிக்கும். எனக்குப் பிடித்தவற்றுள் வகைக்கு ஒன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது தேவாரம். 'மாசில் வீணையும்' என்று தொடங்கும் பதிகம் ஐந்தாம் திருமுறையில் உள்ளது. பாடியவர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பர் பெருமான். பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து வைத்தபோது இதைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. சூளையின் நடுவே இருப்பவர் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. மன்னனைப் பழிக்கவும் இல்லை. குளிர்ந்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, இறைவன் திருவடியின் நிழலுக்கு அவற்றை உவமை சொல்கிறார். ஓதுவார்கள் தேவாரத்தைத் தாளமின்றி, சொற்களை நிறுத்திப் பாடுவதும் உண்டு. அப்படிப் பாடும்போது கேளுங்கள்; ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும்.

இரண்டாவது கீர்த்தனை. 'சங்கீதம் நமக்குப் புரியாது' என்று சொல்பவர்களுக்காகவே கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைச் சொல்கிறேன். இவை 19ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டவை. நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் விடுப்புக் கேட்கிறான், கிடைக்கவில்லை. 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்றே நாள் கழிகிறது. விடுப்புக் கேட்டு அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அவற்றுள் 'வருகலாமோ' என்பது மாஞ்சி இராகத்தில் அமைந்தது. உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்கும் பாட்டு அது. முதலில் வரும் பல்லவி, பின்னர் மீண்டும் மீண்டும் திரும்பி வரும். கேட்ட கேள்விக்கு விடை வராதவன் திரும்பவும் கேட்பதுபோல் அது ஒலிக்கும். இராகத்தின் பெயர் தெரியாமலே இதை உணரலாம். 1942இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடினார்.

மூன்றாவது காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. முப்பது வயதை எட்டும் முன்பே மறைந்தவர் அவர். காவடிச்சிந்து உட்கார்ந்து பாடப் பிறந்ததன்று. நடந்துகொண்டே பாடப் பிறந்தது. தோளில் சுமை, நெடுவழி, களைத்த கால்கள். அந்தக் கால்களை எடுத்து வைக்கச் செய்வதுதான் அதன் தாளம். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நான்காவது திரைப்பாடல். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிவு செய்ய முடியும். எனவே திரைப்பாடல் சுருங்கச் சொல்லப் பழகியது. 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'தூங்காதே தம்பி தூங்காதே' என் தேர்வு. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழவர் குடும்பத்தில் 1930இல் பிறந்து 1959இலேயே மறைந்தவர். நேரத்தை வீணாக்கிவிட்டு விதியைப் பழிக்கும் இளைஞனுக்கு அண்ணன் சொல்லும் புத்திமதிபோல் அமைந்த பாட்டு. அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. எளிமையாக எழுதுவது எளிதன்று என்பதற்கு இதை மாணவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

ஐந்தாவது மலாய்ப் பாடல். பினாங்கில் 1929இல் பிறந்த பி.ரம்லி, 'அந்தாரா டுவா டர்ஜாட்' (1960) படத்தில் பாடிய 'கெத்தாரான் ஜீவா' அது. அரச குடும்பத்துப் பெண்ணை ஓர் ஏழை இசைக்கலைஞன் நேசிக்கும் கதை. 'ஜீவா' என்பது நம் 'ஜீவன்' என்ற சொல்லின் உறவுதான். உயிரின் அதிர்வு என்று பொருள் கொள்ளலாம். ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்த எல்.கிருஷ்ணன். அண்டை வீட்டார் மொழியில் ஒரு பாட்டை முழுதாகத் தெரிந்து வைத்திருப்பது அவர்களோடு பழகுவதற்கு நல்ல வழி.

நேயர்களே, இந்த ஐந்தையும் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் தேடிக் கேட்டுவிடலாம். ஆறாவது பாட்டு அப்படியல்ல. அது உங்கள் வீட்டுப் பாட்டியின் தாலாட்டு. தொட்டில் ஆடும் வேகமே அதன் தாளம். மாமன் கொண்டுவரும் சீரைச் சொல்லும் அந்தப் பாட்டில், தோட்டத்துக்கு வந்தபின் பெரட்டு மணியும் பால்வாளியும் நுழைந்துகொண்டன. அதை எழுதி வைத்த புத்தகம் இல்லை. பாடுபவரின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். அவருடைய அப்பாவும் போனார், திரும்பவில்லை. அம்மா அழுத ஒப்பாரியைப் பாட்டி மனப்பாடமாக வைத்திருந்தார். ஒருநாள் மாலையில் எனக்காகப் பாடிக் காட்டினார். பள்ளி விடுமுறையில் வந்து பதிவு செய்து கொள்கிறேன் என்றேன். "வா தம்பி, நான் எங்கே போகப் போகிறேன்" என்றார். விடுமுறைக்கு முந்திய வாரம் அவர் காலமானார். இன்று எனக்கு மெட்டு நினைவிருக்கிறது. சொற்களில் இரண்டு அடிக்குமேல் நினைவில்லை. அவருடைய மக்களையும் கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள், பாடியபடியே எழுதுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், யாரிடம் கற்றார், எப்போது பாடுவது என்பதையும் குறித்து வையுங்கள். புரியாத சொல் இருந்தால் அப்போதே கேளுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடப் பெரியவர்கள் தயங்குவார்கள், வற்புறுத்தாதீர்கள். வெளியே மரத்தடியில் அமர்ந்து பக்குவமாகக் கேட்டால் பாடுவார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் குடும்பங்கள் பல இடங்களுக்குப் பிரிந்து போய்விட்டன. லயத்து வீடுகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாட்டைக் கொண்டுபோக முடியும். விடுமுறை வரட்டும் என்று இருக்காமல், இன்று மாலையே கேளுங்கள்.