கல்லீரல் கொழுப்பு நோய்: மருந்தை அளக்கும் சிக்கல்

கல்லீரலில் கொழுப்பு மிகுந்து, அழற்சி உண்டாகி, நாளடைவில் தழும்பு படர்கின்ற நோயைப் பலரும் அறிவோம். இதற்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து ரெஸ்மெட்டிரோம். அவ்வொப்புதல் கிடைத்தது 2024 மார்ச்சில்தான். இத்துணைக் காலம் ஏன் பிடித்தது? மருந்தைக் கண்டறிவது கடினம். அது பயன் தந்ததா என அளப்பதோ அதனினும் கடினம்.

இந்நோய் ஓசையின்றி வளர்வது. கல்லீரல் சுருங்கிச் செயலிழக்கும் நிலையை எட்டப் பல்லாண்டுகள் ஆகலாம். எத்தனை பேர் அந்நிலைக்கு ஆளாகாமல் தப்பினர் என எண்ணிப் பார்க்கும்வரை காத்திருந்தால், இன்றைய நோயாளிகளுக்கு மருந்து எட்டாது. ஆகவே ஆய்வாளர்கள் மாற்று அளவுகோல் ஒன்றைக் கையாள்கின்றனர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஊசியால் சிறிது கல்லீரல் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடுவர். தழும்பின் அளவு 0 முதல் 4 வரை படிகளாகக் குறிக்கப்படும். ஒரு படியேனும் குறைவது முன்னேற்றம்.

சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. ஊசியில் வருவது கல்லீரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. தழும்போ எங்கும் சீராகப் பரவுவதில்லை. ஒரே திசுவைப் பார்க்கும் இரு வல்லுநர்கள் வெவ்வேறு படி குறிப்பதும் உண்டு. மேலும், ஆய்வில் சேர்ந்தவர்கள் உணவிலும் உடற்பயிற்சியிலும் கூடுதல் கருத்துச் செலுத்தக்கூடும். எனவே, மருந்தில்லா மாத்திரையை உண்டவர்களிடமும் முன்னேற்றம் தென்படுகிறது. ரெஸ்மெட்டிரோம் ஆய்வில் அத்தகையோருள் 14.2 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்தது. 100 மில்லிகிராம் மருந்து உண்டவர்களுள் அது 25.9 விழுக்காடு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே மருந்தின் பயன்.

அவ்வேறுபாடு மட்டும் போதுமா? ஒபெட்டிகோலிக் அமிலம் என்னும் மருந்தின் ஆய்வை நோக்குவோம். 2019இல் வெளியான முடிவில், 25 மில்லிகிராம் உண்டவர்களுள் 23 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லா மாத்திரை உண்டவர்களுள் 12 விழுக்காட்டினருக்கும் தழும்பு குறைந்தது. வேறுபாடு ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அம்மருந்தை உண்டவர்களுள் பாதிப்பேருக்கு உடல் அரிப்பு ஏற்பட்டது. அதனை இந்நோய்க்கு வழங்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இலும் 2023இலும் இசையவில்லை. நோயின் துன்பத்தையே உணராத ஒருவர் மருந்தின் துன்பத்தை ஆண்டுக்கணக்கில் ஏற்க வேண்டுமெனில், பயன் ஐயத்திற்கு இடமின்றி இருத்தல் வேண்டும்.

ரெஸ்மெட்டிரோமுக்கும் விரைவுமுறை ஒப்புதலே கிடைத்துள்ளது. திசுவில் கண்ட முன்னேற்றம் உயிரையும் காக்கிறதா என்பதை 54 மாதங்கள் தொடருமாறு வகுக்கப்பட்ட ஆய்வே காட்ட வேண்டும். ஆகவே, ‘நோய் குறைந்தது’ என்னும் செய்தியைப் படிக்கும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுவோம்: எதனால் அளந்தனர்? யாரோடு ஒப்பிட்டனர்? எத்தனை காலம் தொடர்ந்தனர்? மாணவர்க்கு இவ்வினாக்களைக் கற்பிப்பதும் அறிவியலைக் கற்பிப்பதே ஆகும்.