சமூக ஊடகத்தில் ஒரு சிறுகடை

மும்பை மாட்டுங்காவில் ஒரு குடும்பம் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்பதாகக் கொள்வோம். கடைவீதியில் இடம் பிடிக்கப் பெரும்பணம் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை.

அக்கணக்கில் பண்டங்களின் பெயர், எடை, விலை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுதல் வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்திடம் பெற்ற 14 இலக்க எண்ணையும் தருதல் நன்று. படங்கள் தாம் செய்த பண்டங்களுடையனவாகவே இருத்தல் வேண்டும். வேறு படத்தைக் கண்டு வாங்கி ஏமாந்தவர் மறுமுறை வாரார்.

வினவுவோருக்கு அன்றே விடையளித்தலும், குறை கூறுவோரிடம் சினவாது பண்டத்தை மாற்றித் தருதலும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும்.

கைப்பேசிக்கு வரும் 6 இலக்கச் சரிபார்ப்பு எண்ணை எவருக்கும் கூறலாகாது. அதனை அறியும் மோசடிக்காரர் கணக்கைக் கைப்பற்றி, அக்குடும்பத்தின் பெயராலேயே வாடிக்கையாளரிடம் பணம் பறிப்பார். பல்லாண்டுகள் ஈட்டிய நம்பிக்கை ஒரே நாளில் அழியும்.