முள் எதை எண்ணுகிறது?

குமரிக் கடற்கரையில் வள்ளத்தின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு என்ஜினைப் பெரும்பாலானவர்கள் காதால்தான் ஓட்டுகிறார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கைப்பிடியை எவ்வளவு திருகினால் என்ன சத்தம் வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் காதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காதுக்கு ஒரு குறை உண்டு: எதுவும் அதற்குப் பழகிப்போகும். ஒரே நாளில் ஐந்நூறு சுற்று குறைந்தால் பிடித்துவிடும். மாதம் ஐம்பது சுற்றாகக் குறைந்தால் பிடிக்காது. அந்த இடத்தில்தான் ஆர்.பி.எம். மீட்டருக்கு, அதாவது டாக்கோமீட்டருக்கு, வேலை வருகிறது.

மீட்டர் முதலில் தேவைப்படுவது என்ஜினைவிட விசிறிக்காகத்தான். அவுட்போர்டுக்கு முழுத் திருகலில் இத்தனை சுற்று முதல் இத்தனை சுற்று வரை ஓட வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. பல பழைய டூ ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு அது நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500. இன்றைய சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கு 5,000 முதல் 6,000. வழக்கமான பாரத்தோடு அந்த வரம்புக்குள் ஓடினால் விசிறி பொருத்தமானது. எட்டவில்லையென்றால் விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம்: மேட்டில் நாலாவது கியரில் ஏறும் பைக் போல என்ஜின் திணறும், சூடாகும், கரி பிடிக்கும். தாண்டினால் பிட்ச் போதாது. ஒரு இன்ச் பிட்ச் கூட்டினால் சுமார் 150 முதல் 200 சுற்று குறையும். இந்தக் கணக்கைக் காதால் போட முடியாது.

சரி, மீட்டர் எதை எண்ணுகிறது? அது சக்கரத்தைப் பார்க்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, மின்சாரத்தைத்தான் எண்ணுகிறது. என்ஜினின் தலையில் சுழலும் ஃபிளைவீலின் உட்புறம் காந்தங்கள் இருக்கும், அவற்றுக்கு நடுவே அசையாமல் காயில்கள் இருக்கும். பைக் மெக்கானிக்குகள் 'மேக்னட் காயில்' என்பார்களே, அதே ஏற்பாடுதான். ஒரு வடதுருவமும் ஒரு தென்துருவமும் கடந்து போனால் காயிலில் மின்னழுத்தம் ஒரு முறை ஏறி இறங்கும். பன்னிரண்டு துருவம் உள்ள என்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு. 5,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 500 துடிப்பு. மீட்டர் இந்தத் துடிப்பை எண்ணி, ஆறால் வகுத்து, முள்ளை நகர்த்துகிறது. அவ்வளவுதான் அதன் அறிவு. ஆறால் வகுக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லும் இடம் மீட்டரின் முதுகில் உள்ள சின்னத் திருகு சுவிட்ச். சில மீட்டர்களில் அதில் துருவ எண்ணிக்கை எழுதியிருக்கும், சிலவற்றில் துடிப்பு எண்ணிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. பன்னிரண்டு துருவ என்ஜினை நாலு துருவமென்று வைத்துவிட்டால் முள் மூன்று மடங்கு காட்டும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். ஆபத்தானது சிறிய பிழைதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு நண்பரின் 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு மீட்டர் பொருத்திக் கொடுத்தேன். ஆறு துடிப்புக்குப் பதிலாக ஐந்தில் வைத்துவிட்டேன். முழுத் திருகலில் முள் 6,000 காட்டியது. வரம்பு 5,500 ஆயிற்றே என்று இரண்டு இன்ச் பிட்ச் கூடிய விசிறி வாங்க வைத்தேன். முள் அழகாக 5,500-இல் வந்து நின்றது. உண்மையில் என்ஜின் ஓடியது 4,600-இல்; வலையும் ஆளும் ஏறினால் அதற்கும் கீழே. சரியாக இருந்த விசிறியைக் கழற்றிவிட்டுத் தவறானதை மாட்டியிருந்தோம். ஐடிலிங்கைப் பார்த்திருந்தாலே பிடித்திருக்கலாம்: கையேட்டில் 950 என்று இருக்க, முள் 1,140 காட்டிக்கொண்டிருந்தது. ஃபிளைவீலில் ஒளி திருப்பும் துண்டு ஒட்டி, ஒளியால் அளக்கும் கைமீட்டரை ஒரு முறை காட்டிச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

பொருத்தும் வேலை பெரிதல்ல. மூன்று வயர், விளக்குக்கு நாலாவது. சாவி சுவிட்சிலிருந்து ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். பேட்டரியின் நெகட்டிவுக்கு எர்த். காயிலிலிருந்து வரும் துடிப்பு வயர். இந்தத் துடிப்பு வயர் அமெரிக்க என்ஜின்களில் பெரும்பாலும் சாம்பல் நிறம், யமஹாவில் பச்சை. நிறத்தை நம்பி மட்டும் இணைக்காதீர்கள். வயரிங் படத்தைப் பாருங்கள். துடிப்புக்காக இக்னிஷன் பக்கம் போய்க் கைவைக்கவே கூடாது. பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டிக்குள் சேரும் மின்னழுத்தம் சில நூறு வோல்ட். அதற்கென்று செய்யப்படாத மீட்டர் ஒரே நொடியில் கருகும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், என்ஜின் மூடிக்குள் பெட்ரோல் ஆவி நிற்கும். சோதிக்கக் கரையில் என்ஜினைக் கிளப்பினால் தண்ணீர் இணைப்பு கட்டாயம். வெறுமே ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து போகும்.

உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயரே தாங்கும். சாதாரண வயர் வாங்கினால் ஒரு பருவம் முடிவதற்குள் உறைக்குள் பச்சையாகிவிடும். துடிப்பு வயரைப் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். திசைகாட்டி இருந்தால் மீட்டரை அதிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், மீட்டருக்குள்ளும் காந்தம் இருக்கிறது.

கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய என்ஜின்கள் பலவற்றில் மீட்டர் எண்ணும் அந்தச் சார்ஜிங் காயிலே கிடையாது. அவற்றுக்கு வேறு வகை மீட்டர்: பிளக் வயர் மேல் ஒரு வயரைச் சில சுற்று சுற்றிவிட்டால், பொறி பாயும் ஒவ்வொரு முறையும் அது உணர்ந்து எண்ணும். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு பொறி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி பாயும், பாதி வீணாகப் போகும். முள் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டினால் காரணம் இதுதான்.

இனிப் பழுதுக்கு வருவோம். மீட்டர் கேட்டுக்கொண்டிருப்பது காயிலை என்பதை மறக்காதிருந்தால் பாதிப் பழுது உட்கார்ந்த இடத்திலேயே விளங்கும். ஓடிக்கொண்டிருந்த முள் ஒரு நாள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது என்றால், மீட்டரைத் திட்டாமல் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அது 12.4-இலேயே நிற்கிறதென்றால் சார்ஜே ஏறவில்லை. பெரும்பாலும் போயிருப்பது ஆர்.ஆர். யூனிட், அதாவது காயிலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர்; உள்ளே ஒரு டயோடு ஷார்ட் ஆனால் சார்ஜும் போகும், துடிப்பும் போகும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவதும், வயரை மாற்றி மாட்டுவதும் அதைக் கொல்லும் வழக்கமான வழிகள். சார்ஜ் சரியாக ஏறுகிறது, முள் மட்டும் எழவில்லை என்றால் வயரிலோ மீட்டரிலோ தேடுங்கள்.

முள் துள்ளினால் முதலில் எர்த்தைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். அண்மையில் பிளக் மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக் கிளப்பும் இரைச்சல் மீட்டரைக் குழப்பும். பழைய மீட்டர் தாறுமாறாகக் காட்டினால், மின்சாரத்தை அணைத்துவிட்டு முதுகிலுள்ள சுவிட்சை இரு பக்கமும் நாலைந்து முறை திருகி, பழைய இடத்திலேயே வையுங்கள். உள்ளே படிந்த களிம்பு உதிர்ந்து பல மீட்டர்கள் பிழைத்துவிடும்.

கடைசியாக ஒரு விசித்திரம். காலையில் ஒழுங்காகக் காட்டும் முள் ஒரு மணி நேரம் ஓடியபின் விழும். மறுநாள் மீண்டும் வரும். பேட்டரி நிறைந்ததும் ரெகுலேட்டர் காயிலின் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவதால் துடிப்பு சிதைந்துபோகிறது. விளக்கைப் போட்டுப் பாருங்கள், பேட்டரிக்குச் செலவு வந்ததும் முள் எழுந்தால் சந்தேகமே இல்லை.

எல்லாம் சரியானதும் சுவிட்ச் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை என்ஜின் மூடியின் உட்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். மீட்டரை அடுத்த முறை கழற்றுகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.