காணாமல் போன கடன்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கடன் காணாமல் போயிற்று. வங்கிக்குத் தெரியாது. எனக்கும் என் லேப்டாப்புக்கும் மட்டும்தான் தெரியும்.

20 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் தவணை கட்டுவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சம்பளம் கொஞ்சம் ஏறியதில் கையில் 2,000 உபரி. "அதையும் கடன்லயே கட்டிடலாங்க" என்றாள் மனைவி. நான் சீட்டுக் கட்சி. "ரெண்டாயிரத்துல கடன் என்ன பெரிசா குறைஞ்சிடும்? கிராஃப் போட்டுக் காட்டறேன், பாரு!" என்றேன். பி.காம். படித்தவன் பேப்பரிலேயே கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால், புதிதாகப் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேனே... விதி யாரை விட்டது!

பாக்கிக்கு வட்டி சேர், தவணையைக் கழி, மிச்சத்துக்குப் புள்ளி வை. இப்படி 240 சுற்று. ஓட்டினேன். ஜன்னல் திறந்தது. கீழே மாதங்கள், பக்கத்தில் லட்சங்கள், நடுவில் சலவைக்குப் போய் வந்த வேட்டி. கோட்டைக் காணோம்!

எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை, எந்த வரியில் தப்பு என்றாவது சொல்லும். இது, 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு ஃபைலை நகர்த்தாத ஆசாமி மாதிரி. கலரை மாற்றினேன். கோட்டைத் தடிமனாக்கினேன். மேட்பிளாட்லிப்பையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்ப்பதற்காக எழுத ஆரம்பித்து, 2003-ல் வெளியிட்டது அது. 2012-ல் காலமாகிவிட்டார். அன்று நான் திட்டிய திட்டெல்லாம் அவரைச் சேர்ந்திருக்காது என்று நம்புகிறேன்.

மாடி வீட்டு இன்ஜினீயரிங் பையன் வந்து பார்த்தான். "அங்கிள்," என்றான் (முப்பத்தைந்துக்கே அங்கிள்!), "அச்சுல உங்க நம்பரெல்லாம் சரியா வந்திருக்கு பாருங்க. டேட்டா போய்ச் சேர்ந்திடுச்சு. வரையத்தான் இல்லை."

வரையும் கட்டளையை நான் லூப்புக்கு உள்ளே வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு புள்ளி. அந்தக் கட்டளை, வேறெதுவும் சொல்லாவிட்டால், புள்ளி வைக்காது, கோடுதான் இழுக்கும். கோட்டுக்கு இரண்டு புள்ளி வேண்டாமா? நீளமே இல்லாத 240 கோடுகளைப் பொறுமையாகப் போட்டு வைத்திருந்தது! எண்களை ஒரு பட்டியலில் சேர்த்து, லூப்புக்கு வெளியே ஒரே தடவை வரையச் சொன்னேன். கோடு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வங்கி அனுப்பிய தவணை அட்டவணையையும் பக்கத்தில் வரைந்து சரிபார்க்க ஆசை. மறுபடி வெள்ளை வேட்டி! இந்த முறை பக்கவாட்டு அச்சில் லட்சத்தைக் காணோம். சைபரைச் சுற்றி என்னவோ பொடி எண்கள். அப்படியென்றால் டேட்டாவே போய்ச் சேரவில்லை.

குற்றவாளி கமா. '19,96,811' என்பது நமக்கு எண், கம்ப்யூட்டருக்கு எழுத்து. அது முதலில் முரண்டு பிடித்து எர்ரர் காட்டியது வாஸ்தவம். 'மாற்ற முடியாததை விட்டுத் தள்ளு' என்று கட்டளை போட்டு அதன் வாயை அடைத்தவன் நானே. கமா உள்ளதையெல்லாம் அது 'நேன்' ஆக்கிவிட்டது. அதாவது 'எண் அல்ல'. தனக்குத் தானேகூடச் சமமில்லாத விசித்திரப் பிறவி. அதை வரைய முடியாது. அது வந்த இடத்தில் கோடு அறுந்துவிடும். கடைசி மாதத்துச் சைபர் மட்டும் தப்பியிருந்தது. வரைவதற்கு முன் முதல் ஐந்து எண்களை அச்சடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை! கமாக்களை நீக்கினேன். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் படுத்துக்கொண்டன.

பிறகு 2,000 கூடக் கட்டும் கோட்டையும் போட்டு, படத்தைச் சேமித்து, ரிசப்ஷனுக்குப் போயிருந்த மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "கடனே இல்லாத மாதிரி இருக்கே, நல்லாருக்கு" என்று பதில். திறந்து பார்த்தால் அச்சுகூட இல்லாத சுத்த வெள்ளை! திரையில் காட்டி, ஜன்னலை மூடிய பிறகு சேமித்திருக்கிறேன். மூடியதோடு படம் போய்விட்டது. சேமித்தது புது வெற்றுத்தாள். இரண்டு வரிகளையும் இடம் மாற்றி, முதலில் சேமிப்பு, அப்புறம் காட்சி என்று வைத்தேன்.

ராத்திரி காட்டினேன். ஒரு கோடு 240-ம் மாதத்தில் தரை தட்டியது, இன்னொன்று 187-லேயே. 53 மாதம் மிச்சம். வட்டியில் சுமார் ஐந்தரை லட்சம்.

"உங்க சீட்டுல இவ்வளவு நிக்குமா?" என்றாள்.

அதற்கு என்னிடம் கிராஃப் இல்லை. முதல் தவணையே 19,356 ரூபாயாகப் போயிற்று.