இணங்கவைக்கும் சொற்கள் – 7: வெள்ளை அங்கியின் சாட்சியம்

பேச்சுக் கலை பற்றி அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ரெட்டரிக்’ என்னும் நூல், கேட்பவரை இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பகுக்கிறது. பேசுபவர் மேல் கேட்பவருக்கு உண்டாகும் நம்பிக்கை ஈதோஸ் எனப்படும். கேட்பவர் மனத்தில் எழுப்பப்படும் உணர்ச்சி பேதோஸ். காரணமும் சான்றும் காட்டி நிறுவுவது லோகோஸ். பின்னிரண்டும் இத்தொடரில் முன்பே பேசப்பட்டுவிட்டமையால், மூன்றிலும் வலியது என்று அரிஸ்டாட்டிலே ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் முதலாவது வழி இவ்வாரத்துக்கு உரியதாகிறது. அந்த நம்பிக்கை பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்றும், பேசுபவரைப் பற்றி ஊரார் ஏற்கெனவே கொண்டிருக்கும் எண்ணத்தால் விளைவதைக் கலையின் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் அவர் வரையறுத்தார். இருபதாம் நூற்றாண்டின் விளம்பரத் தொழில் இதைத் தலைகீழாக்கி, பொருளை விற்பவரிடம் இல்லாத நம்பகத்தை வேறொருவரிடமிருந்து இரவலாகப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் மருத்துவர்களைப் பயன்படுத்திக்கொண்ட விதம் இதற்கு மிகத் தெளிவான சான்று.

லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் 1930ஆம் ஆண்டு விளம்பரங்களில், அது தொண்டையை உறுத்துவது குறைவு என்று 20,679 மருத்துவர்கள் கூறுவதாக அச்சிடப்பட்டிருந்தது. விளம்பர முகவர்கள் மருத்துவர்களுக்குச் சிகரெட் பெட்டிகளை இலவசமாக அனுப்பி, விடையைத் தன்னுள்ளேயே வைத்திருந்த ஒரு கேள்வியையும் உடன் அனுப்பித் திரட்டிய எண்ணிக்கை அது.

இதைவிட நுட்பமானது ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் தன் கேமல் சிகரெட்டுக்காக 1946இல் தொடங்கிய பிரசாரம். மருத்துவர்கள் வேறெந்தச் சிகரெட்டையும்விடக் கேமலையே மிகுதியாகப் புகைக்கிறார்கள் என்பது அதன் ஒற்றை வாசகம். 113,597 மருத்துவர்களிடம் கேட்டறிந்த முடிவு என்பது அதற்குத் தரப்பட்ட ஆதாரம். கேட்டவர்களோ அந்நிறுவனத்தின் விளம்பர முகமையான வில்லியம் எஸ்டியின் ஊழியர்கள். அவர்கள் மருத்துவ மாநாடுகளிலும் ஆலோசனை அறைகளிலும் மருத்துவர்களைச் சந்தித்தார்கள் என்பதும், கேமல் பெட்டிகளைப் பரிசாகப் பெற்ற சற்று நேரத்திலேயே பலர் இக்கேள்வியை எதிர்கொண்டனர் என்பதும் பின்னாளைய வரலாற்றாய்வுகளில் வெளிப்பட்டன. படத்தில் வெள்ளை அங்கியும் ஸ்டெதாஸ்கோப்பும் அணிந்து புன்னகைத்தவர்கள் விளம்பரத்துக்கென அமர்த்தப்பட்ட நடிகர்கள். ஒரு பொருளுக்குத் தம் பெயரில் பரிந்துரை வழங்குவதை மருத்துவத் தொழிலின் ஒழுக்க நெறி ஏற்காது என்பதால், பெயருள்ள ஒரு மருத்துவரை முன்னிறுத்தாமல் மருத்துவர் என்னும் வகையையே நிறுவனம் முன்னிறுத்தியது.

இங்கே எண் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். ஆறு இலக்கத்தில், கடைசி ஒன்றுவரை பிசகாமல் எழுதப்பட்ட எண்ணைக் காணும் வாசகர் அதை லோகோஸ் என்று, அதாவது சான்று என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் அந்த எண் சிகரெட்டைப் பற்றி எதையும் நிறுவவில்லை. புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று அந்த மருத்துவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அது காட்டியதெல்லாம் மருத்துவர் மேல் மக்களுக்கு இருந்த மதிப்பு மட்டுமே. ஈதோஸ் இங்கே லோகோஸின் உடையில் வந்து நின்றது. அவ்வுடையின் கீழே பேதோஸும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், ஏனெனில் புகை தொண்டைக்குக் கெடுதல் என்ற அச்சம் வாசகரிடம் முன்பே இல்லாவிட்டால் மருத்துவரைக் கூட்டிவரும் தேவையே எழுந்திராது.

இதற்கு மாறான எண் ஒன்றும் அதே காலத்தில் வெளிவந்தது. எர்ன்ஸ்ட் விண்டர், ஈவார்ட்ஸ் கிரஹாம் ஆகிய இருவரும் நுரையீரல் புற்றுநோயாளர் 684 பேரை ஆராய்ந்து, நோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1950இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அந்த இதழ் அப்போதும் சிகரெட் விளம்பரங்களை ஏற்றுக்கொண்டுதான் இருந்தது, 1953இல்தான் நிறுத்தியது. பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் அதே 1950இல் ஒத்த முடிவுக்கு வந்தனர். கேள்வி சரியாக இருந்ததால், 684 என்ற சிறிய எண்ணே நிலைத்தது.

நம்பகத்துக்கு மூன்று கூறுகள் உண்டு என்பது அரிஸ்டாட்டிலின் கணிப்பு: பேசுபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவர் நேர்மையானவராக இருக்க வேண்டும், கேட்பவரின் நலத்தை நாடுபவராக இருக்க வேண்டும். 1953 டிசம்பரில் சிகரெட் நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி, ஹில் அண்ட் நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய அறிக்கை, இம்மூன்றையும் பார்த்துப் பார்த்து வைத்ததுபோல் இருக்கிறது. ‘சிகரெட் புகைப்போருக்கு ஓர் ஒளிவுமறைவற்ற அறிக்கை’ என்ற பொருள்படும் தலைப்போடு அது 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட நாளேடுகளில் வெளிவந்தது. மக்களின் உடல்நலத்தை மற்றெல்லாவற்றுக்கும் மேலான பொறுப்பாக ஏற்பதாகச் சொன்னது நலநாட்டம். நோய்க்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்று அறிஞர்கள் கருதுவதாக நிதானமாக எடுத்துரைத்தது அறிவு. குற்றம் காணமுடியாத ஓர் அறிவியலாளரின் தலைமையில் ஆய்வுக் குழு அமைப்பதாக உறுதியளித்தது நேர்மை. குழுவின் அறிவியல் இயக்குநராக அமர்த்தப்பட்டவர் மரபணுவியலாளர் கிளாரன்ஸ் குக் லிட்டில்; மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் புற்றுநோய்த் தடுப்புச் சங்கத்தின் நிர்வாக இயக்குநராகவும் இருந்தவர். படத்துக்கு நின்ற நடிகரின் இடத்துக்கு இப்போது மெய்யான அறிவியலாளரே வந்துவிட்டார் என்பதுதான் எட்டாண்டுகளில் நேர்ந்த வளர்ச்சி. இந்த அறிக்கையே, கேமல் விளம்பரங்கள் அனைத்தையும்விட ஆபத்தான விளம்பரம் எனலாம். ஐயத்தை வளர்த்து, புகைப்பவர் பழக்கத்தைக் கைவிடாதிருக்க ஒரு சாக்கை அது தந்தது.

1954இன் வாக்குறுதிகளை நீதிமன்றம் எடைபோட அரை நூற்றாண்டு ஆயிற்று. சிகரெட் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று வாஷிங்டனில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, திருத்த அறிக்கைகளை வெளியிட ஆணையிட்டார். மேல்முறையீடுகளில் பதினோர் ஆண்டுகள் கழிந்தபின், 2017 நவம்பர் முதல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் ஒப்புதலளித்த வாசகங்களை நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் தம் செலவில் வெளியிட்டன. புகைப்பழக்கத்தால் நாள்தோறும் சராசரியாக 1,200 அமெரிக்கர்கள் இறக்கிறார்கள் என்பது அவற்றுள் ஒன்று.