மூடாக்கும் களைகட்டலும்

தோட்டம் வைப்பார்க்குக் களையினும் பெரும்பகை பிறிதொன்றில்லை. தாம் இட்ட எருவையும் இறைத்த நீரையும் விதையாத பூண்டுகள் உண்டு கொழுக்க, விதைத்த செடிகள் மெலிந்து நிற்றலைக் கண்டு வருந்தாதார் யாவர்? இக்களைகளை அடக்குதற்குப் பாத்தியின் மண்ணை வைக்கோல், சருகு, கரும்புத்தோகை முதலியவற்றால் மூடிவைத்தல் சிறந்ததொரு முறையாகும். இதனை மூடாக்கு என்பர். ஆயினும், மூடாக்கு இட்டபின் களையெடுக்கும் வேலையே இல்லை என்று கருதுதல் பெரும்பிழை. அப்பிழையைச் செய்து அதன் பயனையும் நுகர்ந்தவனாதலின், யான் அறிந்தவற்றை நண்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

தாமிரபரணிக் கரையை அடுத்த எமது சிற்றூரில், வீட்டின் பின்புறத்தே என் அன்னையார் கத்தரியும் வெண்டையும் பயிரிடுவது வழக்கம். வீட்டுக்கறிக்குப் போக எஞ்சிய காய்களை விற்று வருங் காசிலேதான் யான் கல்லூரியில் வாங்கும் புத்தகங்கள் பலவும் அடங்கும். நாடோறும் அவர் முதுகு வளைந்து களை பறித்தலைக் காணப் பொறாது, சென்ற கோடை விடுமுறையில் இரண்டு பாத்திகள் முழுமையும் வைக்கோலைப் பரப்பி, "அம்மா, இனி நீங்கள் குனிய வேண்டாம்" என்று பெருமிதத்துடன் கூறினேன். "அடியில் கிடக்கிற கிழங்கை எடுக்காமல் மேலே போர்த்துகிறாயே ஐயா" என்று மட்டும் அவர் சொன்னார். யான் அதனைப் பொருட்படுத்தவில்லை. மூன்று வாரத்திற்குள் கோரை ஊசிபோல் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு எழுந்தது. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்மணிகளும் உடன் முளைத்தன. களையைப் பறிக்குமுன் வைக்கோலை விலக்கவேண்டி நேர்ந்தமையால், அன்னையார்க்கு இருந்த ஒரு வேலை இரண்டாயிற்று.

இது நேர்ந்தது ஏன் என ஆராயுமிடத்து, களைகள் இருதிறப்படும் என்பது விளங்கும். விதையினின்று முளைப்பன ஒருவகை. மண்ணினுள் தங்கிய கிழங்கினின்றும் வேர்த்தண்டினின்றும் தழைப்பன மற்றொருவகை. சாரணை, பருப்புக்கீரை, குப்பைமேனி முதலியன முன்னைய வகையைச் சார்ந்தவை. இவற்றின் விதைகள் மிகச் சிறியன. அவற்றுள் அடங்கிய உணவும் சிறிதே. ஆதலின், முளைத்த குருத்துத் தடித்த மூடாக்கைக் கடந்து வெளியேறுமுன் வலியிழந்து மடியும். அன்றியும், இத்தகைய சிறுவிதைகளுட் பல, ஒளி படாதவிடத்து முளைப்பதேயில்லை. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் போர்த்விக், ஹென்றிக்ஸ் முதலிய அறிஞர்கள் லெட்டூஸ் என்னுங் கீரையின் விதைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். செந்நிற ஒளி பட்ட விதைகள் முளைத்தலையும், அவற்றின்மீதே செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட ஒளியைப் பாய்ச்சின் அம்முளைத்தல் தடைப்படுதலையும் அவர்கள் கண்டு வெளியிட்டனர். மூடாக்கு மண்ணுக்கு ஒளியை மறுப்பதால், விதைக்களைகளுக்கு அது நல்ல பூட்டாகும்.

எனினும், பூட்டப்பட்ட விதைகள் யாவும் இறந்தொழிந்தன என்று எண்ணலாகாது. அமெரிக்க நாட்டு மிச்சிகனில் பீல் என்னும் தாவரநூற் பேராசிரியர், 1879ஆம் ஆண்டில் பலவகைச் செடிகளின் விதைகளை மணலுடன் கலந்து 20 புட்டிகளிற் பெய்து புதைத்துவைத்தார். அவற்றுள் ஒன்றை 2021ஆம் ஆண்டில் எடுத்து விதைத்தபோது, 142 ஆண்டுகள் கழிந்த பின்னும் சில விதைகள் முளைத்தன. ஆகவே மண்ணைக் கிளறி அடிவிதையை வெளிச்சத்திற்குக் கொணர்வோமாயின், நாமே களையை விதைத்தவராவோம்.

இனி, இரண்டாம் வகைக் களைகளுள் கோரையும் அருகும் தலைமை பெற்றவை. 1977ஆம் ஆண்டில் ஹோம் முதலிய அறிஞர் நால்வர் உலகத்துக் கொடிய களைகளைப் பற்றி வெளியிட்ட நூலில், கோரைக்கே முதலிடம் அளித்தனர். அடுத்த இடம் அருகம்புல்லுக்கு உரியதாயிற்று. கோரையின் கிழங்கு தன்னகத்தே உணவைச் சேர்த்து வைத்துள்ளது. அதன் குருத்தும் கூரியது. அது வைக்கோலை மட்டுமன்றி, பிளாஸ்டிக் தாளையும் துளைத்து வெளிவரும். இதனை மூடியொழித்தல் இயலாது; தோண்டியே ஒழித்தல் வேண்டும்.

ஆதலின், மூடுமுன் செய்யத்தக்கவை இரண்டு. கோடையிற் பாத்தியை ஆழக்கொத்திக் கிழங்குகளையும் அருகின் தண்டுகளையும் பொறுக்கி அகற்றுதல் முதலாவது. பொறுக்கியவற்றைப் பாத்தியோரத்தில் எறியாமல், கடுவெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த கிழங்கு உயிரிழக்கும். பின்னர்ப் பாத்திக்கு நீர்விட்டுப் பத்துப் பதினைந்து நாள் பொறுத்திருந்து, மேல்மண்ணில் முளைத்தவற்றை மண் மிகக் கிளறாதவாறு நீக்குதல் இரண்டாவது. அதன் பின்னரே மூடாக்கு இடுதல் தக்கது.

இடும் பொருளிலும் கருத்து வேண்டும். நெல்மணி ஒட்டிய வைக்கோலை உதறி இடுக. விதை முற்றிய புல்லையும் பூண்டையும் இடாதொழிக. மாடு தின்ற களைவிதைகளுட் பல செரியாது சாணத்தில் வந்து முளைக்குமாதலின், மக்காத சாணத்தையும் பாத்திக்கு இடலாகாது. மூடாக்கின் கனம் 2 அங்குலத்திற்குக் குறைந்தால் ஒளி உட்புகும். 4 அங்குலத்திற்கு மிகுந்தால் வேர்க்குக் காற்றுக் குறையும். செடியின் தண்டைச் சுற்றி 2 அங்குல இடம் வெறிதே விடுக. ஈரமான வைக்கோல் தண்டை ஒட்டிக் கிடப்பின் அஃது அழுகுதற்கு இடமுண்டு.

மூடிய பின்னரும் காவல் வேண்டும். காற்றும் பறவையும் கொணரும் விதைகள் மூடாக்கின் மேலேயே விழும். அடிப்பகுதி மக்கி மண்ணாக, அவை அதிலேயே வேரூன்றும். இவற்றைக் களைக்கொத்தால் கொத்தலாகாது. கொத்தினால் மண்ணும் மூடாக்கும் கலந்து, உறங்கிய விதைகளும் விழித்தெழும். நீர்விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன் கையால் வேரோடு பறித்தலே நன்று. பறித்ததை ஈரத்தின்மேற் போட்டுவிடுதலும் தவறு. பருப்புக்கீரை அவ்வாறு கிடந்தே மீண்டும் வேர்விடும். மீந்து எழும் கோரையை இரண்டு மூன்று வாரத்திற்கொருமுறை விடாது நீக்கிவரின், கிழங்கிலுள்ள உணவு செலவாகி நாளடைவில் அது தளரும். மூடாக்கு மக்கித் தாழுந்தோறும் புதிதாகச் சேர்த்தலும் வேண்டும்.

கல்லூரிக்குத் திரும்புமுன், காய்ப்பு ஓய்ந்த ஒரு பாத்தியை அன்னையார் சொற்படி கொத்திக் கிழங்கு பொறுக்கி, அதன்பின் மூடிவந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையிற் சென்று பார்த்தபோது அங்குக் களை அறவே இல்லை எனக் கூறேன். ஆனால் நாடோறும் குனிந்தவர் பத்து நாளைக்கொருமுறை குனிந்தால் போதுமென்றாயிற்று. இறைக்கும் நீரும் குறைந்தது.

திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தனையும் ஒரே குறளில் அமைத்து, களைகட்ட பின்னரே காப்பினைக் கூறினார். பாடங் கேட்டபோது அவ்வரிசையின் அருமையை யான் உணர்ந்தேனல்லேன். மூடாக்கு ஒரு நல்ல காப்பு. ஆயினும் களைகட்ட பின்னரே அது காப்பாகும். அதற்குமுன் இடின், அது களையைக் கண்ணுக்கு மறைக்கும் போர்வையே. எழுத்தறியாத என் அன்னையார் இதனைக் கையால் அறிந்திருந்தார். யானோ வைக்கோலைப் பரப்பிய பின்னரே அறிந்துகொண்டேன்.